மாஸ்க்குல போட்ட பிளாஸ்டர்

அத்தை: அண்ணன் ராத்திரி தூங்குனாரா அண்ணி?

அம்மா: எங்க, மூச்சு விட உதவுற பைபேப் மெஷினோட மாஸ்க்கை 2 மணிக்கே கழட்டிட்டாரு. காலைல ஒரே தலைவலி, எழுப்புனா ம்ம்னு சொல்லிட்டு திரும்ப கண்ண மூடிக்கிறாரு

தம்பி: நேத்து மாஸ்க் முன்னாடி சின்ன சின்ன ஓட்டைல காத்து புஸ்ஸுனு போய்ட்டே இருந்துச்சு, நான்தான் பிளாஸ்டர் போட்டு அடைச்சேன். இப்போ லீக்கே இல்ல 😎

நான்: டேய்!! உடனே பிய்ச்சு எடு. அது லீக் இல்லடா, மெஷின்லேர்ந்து வர்றது ஒரே டியூப்தான, அப்பா விடுற மூச்சு அந்த ஓட்டை வழியாதான் வெளிய போகணும், அடைச்சா விட்ட கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுப்பாரு. தலைவலி எங்கேந்து வந்துச்சுன்னு புரியுதா

நான்: அம்மா இப்போ எப்படி இருக்காரு, கேட்டா ஒழுங்கா பதில் சொல்றாரா?

அம்மா: இப்போ பரவால்ல, உக்காந்து பேப்பர் கேக்குறாரு

சித்தப்பா: எதுக்கும்மா இந்த பைபேப் தொல்லை, ஆக்சிஜன் மெஷின்தான் இருக்கே, 2 லிட்டர்ல இருக்குறத 4ல வச்சா முடிஞ்சுது

நான்: வேணவே வேணாம் சித்தப்பா. கூட்டி வச்சா விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர்ல 97 காட்டும், நாமளும் சந்தோஷமா இருப்போம், ஆனா கார்பன் டை ஆக்சைடு ஏறுறது அதுல தெரியவே தெரியாது. அப்பாவுக்கு இருக்குற சிஓபிடி நுரையீரல் நோய்க்கு மீட்டர்ல 88லேர்ந்து 92 போதும்னு டாக்டர் எழுதிக் குடுத்ததே அதுக்குத்தான். ஆக்சிஜன் உள்ள மட்டும்தான் குடுக்கும், கெட்ட காத்த வெளியேத்த உதவுறது பைபேப். 2017ல பிரிட்டன்ல அப்பா மாதிரி ஆளுங்களை வச்சுப் பாத்தாங்க, ஆக்சிஜன் மட்டும் வச்சவங்கள்ல பாதிப் பேருக்கு 1.4 மாசத்துலயே திரும்ப அட்மிஷனோ அதைவிட மோசமோ வந்துடுச்சு, ராத்திரி இந்த மெஷினும் சேத்தவங்கள்ல பாதிப் பேருக்கு அது வர 4.3 மாசம் ஆச்சு

சித்தப்பா: சரிம்மா, தெரியாம சொல்லிட்டேன்

அம்மா: மூக்குத்தண்டு செவந்து புண்ணாகுதுடி, அதான் கழட்டிடுறாரு

நான்: பட்டைய ரொம்ப இறுக்காதம்மா, இறுக்குனா புண்ணுதான் ஆகும். பகல்ல டிவி பாக்குறப்ப ஒரு மணி நேரம் போட்டுப் பழகட்டும். மாஸ்க் சைஸும் மாத்தணுமான்னு இன்னிக்கே கேட்டுடுவோம்

தம்பி: பிளாஸ்டர் எடுத்துட்டேன்கா, சாரி. கரண்ட் போனா என்ன பண்றது?

நான்: முதல்ல மாஸ்க்கைக் கழட்டு. மெஷின் ஓடலன்னா அந்த ஓட்டையும் வேலை செய்யாது

அம்மா: டாக்டருக்கு போன் போட்டேன், அந்தத் தூக்கம் நல்லதில்ல, உடனே கூட்டிட்டு வாங்க, ரத்தத்துல ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் எவ்ளோ இருக்குன்னு பாக்குற ஏபிஜி டெஸ்ட் எடுக்கணும்கிறாங்க. மெஷினையும் மாஸ்க்கையும் கொண்டு வரணுமாம்

நான்: டேய் வண்டிய எடு