‘ஷோல்டர் ஆர்ம்ஸ்’ திரையிடல்: 1959 பிரதியா, பழைய வேகமா?

சுருள்பெட்டி:
சாப்ளினின் 1918 ராணுவ நகைச்சுவைப் படமான ‘ஷோல்டர் ஆர்ம்ஸ்’ஸைத் திரையிடுவோர், 1959-இல் அவரே வெளியிட்ட ‘தி சாப்ளின் ரெவ்யூ’ தொகுப்பில் உள்ள பிரதியைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இசை அவருடையது, அறிமுகக் குரலும் அவருடையது. படைத்தவரே கடைசியாகக் கைவைத்த பிரதி இருக்க, வேறு யாரோ பியானோ வாசித்த பதிப்பு எதற்கு?

கைச்சக்கரம்:
இசையில் எனக்குத் தகராறு இல்லை. படம் என்ன ஆனது என்று பாருங்கள். கையால் சுற்றும் கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம் (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படம்), விநாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. ஒலிப்பட வேகமோ 24. இதை ஈடுகட்ட 1959 பிரதியில் ஃபிரேம்களை 1, 2, 2, 3, 4, 4 என்று இரட்டித்து அச்சிட்டிருக்கிறார்கள். விநாடிக்கு 8 ஃபிரேம் வெறும் நகல். தொடக்கத்து டிரில் காட்சியில் ‘திரும்பு’ என்றதும் சாப்ளினின் பாதங்கள் பின்னிக்கொள்வதில்தான் சிரிப்பே இருக்கிறது. நகல் வரும் இடத்தில் கால் அந்தரத்தில் நின்று, அடுத்த ஃபிரேமில் துள்ளுகிறது. தடுமாறுவது நடிகரா படமா என்றே தெரிவதில்லை.

சுருள்பெட்டி:
நகலே வேண்டாமென்று 24-இல் ஓட்டினால் அதைவிடக் கேடு. மற்றவர்களுக்குக் கடிதம் வருகிறது, இவருக்கு இல்லை. இன்னொரு சிப்பாய் படிப்பதைத் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கிறார். அவன் முகம் மலர்ந்தால் இவர் முகமும் மலர்கிறது, அவன் வாடினால் இவரும் வாடுகிறார். படத்தின் உயிரே அங்குதான். ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்த முகமாற்றம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆபரேட்டர் ராசு:
24 கூடாது, சரி. ஆனால் 16-உம் வேதவாக்கு இல்லை. திரையில் வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக்கால நகைச்சுவைப் படங்களில் கேமராவை மெதுவாகச் சுற்றுவது வழக்கம். மரத்தண்டு வேஷத்தில் காட்டுக்குள் ஓடும் இடத்தை 16-இல் போட்டால் சவசவவென்று இருக்கும். 35 மி.மீ. ஃபிலிமில் 1000 அடிக்கு 16,000 ஃபிரேம். அது 16-இல் 16 நிமிடம் 40 விநாடி, 20-இல் 13 நிமிடம் 20 விநாடி, 24-இல் 11 நிமிடம் சொச்சம் ஓடும்.

என் ஓட்டு 20-க்கு. 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை படம் காட்டும் டிஜிட்டல் புரொஜெக்டரில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக 3 முறை விழும், உதறல் இருக்காது. 18 வைத்தால் மூன்றேகால் சொச்சம், கணக்கு உதைக்கும். ஃபிலிம் புரொஜெக்டர் என்றால் ஒரு ஃபிரேமுக்கு மூன்று முறை ஒளியை மறைத்துத் திறக்கும் மூன்று இலை ஷட்டர் மாட்டுங்கள். இரண்டு இலையில் விநாடிக்கு 40 மினுக்கல்தான், கண் வலிக்கும்.

சுருள்பெட்டி:
20-இல் ஓட்டினால் 1959 இசை என்ன ஆவது? 10 நிமிடக் காட்சி 8 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கைச்சக்கரம்:
இசையை வைத்துக்கொண்டே நகலை நீக்கலாமே. மூன்றுக்கு ஒன்று எடுத்தால் 24 போய் 16 ஆகும், கால அளவு அப்படியே இருக்கும்.

ஆபரேட்டர் ராசு:
முடியும், ஆனால் மென்பொருளை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரே ஃபிரேமை இருமுறை அச்சிட்டாலும் தூசியும் கிரெயினும் (ஃபிலிமில் தெரியும் நுண்புள்ளிகள்) வேறுபடும், நகல் என்று அது கண்டுகொள்ளாது. உணர்திறனைத் தளர்த்தினால், அசையாமல் நிற்கும் காட்சிகளில் நல்ல ஃபிரேமையே தூக்கிவிடும். வெட்டு விழும் ஒவ்வொரு இடத்திலும் நகல் வரிசை எந்த ஃபிரேமில் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துக் குறித்த பிறகே நீக்க வேண்டும். அப்புறம், 16-க்கு 48 ஹெர்ட்ஸ் ஏற்கும் புரொஜெக்டர் வேண்டும். 60-இல் போட்டால் 4, 4, 4, 3 என்று விழுந்து உதறல் திரும்ப வந்துவிடும்.

சுருள்பெட்டி:
அப்படியானால் 60 மட்டும் உள்ள அரங்கில் 1959 பிரதியை அப்படியே போடுவதுதான் முறை.

கைச்சக்கரம்:
இல்லை. அங்கே நகல் இல்லாத பிரதியை 20-இல் ஓட்டி, மேடையோரம் ஒரு கீபோர்டு கலைஞரை உட்கார வையுங்கள். வெள்ளம் புகுந்த பதுங்குகுழியில் கிராமஃபோன் குழாய் வழியே மூச்சுவிட்டபடி அவர் தண்ணீருக்கடியில் தூங்கும் காட்சி நெருங்கும்போது வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தைச் சிரிப்புச் சத்தமே நிரப்பிவிடும்.