அறை வாடகை வரம்பும் எங்கள் அறியாமையும்

பணி ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் என் மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. காப்பீட்டுத் தொகை தாராளமாக இருந்ததால் செலவைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. வீட்டுக்குப் புறப்படும் நாளன்று கணக்குப் பிரிவில் நீட்டிய தாளில் பிடித்தங்கள் மட்டுமே ஒரு பக்கம் முழுவதும் நீண்டிருந்தன. எங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு. நாங்கள் எடுத்ததோ அதைப்போல் இருமடங்கு வாடகை உள்ள தனி அறை. கூடுதல் வாடகையைக் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதே விகிதத்தில் அறுவை அரங்கக் கட்டணம், மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம் அனைத்தையும் பாதியாக வெட்டியிருந்தார்கள். மருந்துகளுக்கும் செயற்கை மூட்டுக்கும் அந்த வெட்டு இல்லாதது ஒன்றே ஆறுதல்.

"அறை எடுக்கும்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே, ஐயா" என்றார் அங்கிருந்த பெண். கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு!

அடுத்த புதுப்பித்தலின்போது, அறை வரம்பு இல்லாத, ஆனால் ஒவ்வொரு கோரிக்கையிலும் 20 சதவீதத்தை நாமே ஏற்கும் நிபந்தனையுள்ள திட்டத்துக்கு மாறிக்கொண்டேன். பிரீமியம் கூடுதல்தான். ஆயினும் ஐந்தில் ஒரு பங்கு நம் பொறுப்பு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்கிவைக்க முடிகிறது. விகிதப் பிடித்தமோ பில் கைக்கு வரும்வரை தெரிவதில்லை.

*

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய கேள்வி, அந்தப் பாதித் தொகையை எங்கிருந்து எடுத்தார் என்பதுதான். எனக்கு அப்படியொரு தேவை வந்தபோது பங்குச் சந்தை சரிந்து கிடந்தது. வேறு வழியின்றி மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை அடிமாட்டு விலைக்கு விற்றேன். பின்னர் சந்தை மீண்டபோது, விற்றுவிட்ட யூனிட்டுகள் என்னிடம் மீளவில்லை.

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் வெளியிட்ட கணக்கை நம்பியே நான் ஓய்வு பெற்றேன். முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 சதவீதமும், பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப அதை உயர்த்தியும் எடுத்துவந்தால் பணம் 30 ஆண்டுகள் தாங்கும் என்பது, அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களைக் கொண்டு அவர் கண்ட முடிவு. அது சீராகச் செலவு செய்பவருக்கான கணக்கு என்பதை நான் கவனிக்கவில்லை. மருத்துவச் செலவு மாதத் தவணையில் வருவதில்லை, மொத்தமாக வந்து நிற்கிறது. அதுவும் ஓய்வின் தொடக்க ஆண்டுகளில், சந்தை விழுந்திருக்கும் நேரத்தில் வந்தால் எஞ்சிய முதலீடு வளர்வதற்கே வழியில்லாமல் போகிறது. இப்போது இரண்டு ஆண்டுச் செலவை வைப்புத்தொகையாகத் தனியே வைத்திருக்கிறேன். 6 சதவீத விலைவாசி உயர்வில் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும் என்பதால் எல்லாவற்றையும் வைப்பில் போடவும் துணிவில்லை.

*

எங்கள் வீட்டில் பணம் வெட்டுப்படவில்லை, கோரிக்கையையே மறுத்துவிட்டார்கள். என் கணவர் பல ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுவந்தார். விண்ணப்பத்தை நிரப்பிய முகவர், "இதையெல்லாம் எழுதினால் பிரீமியம் ஏறும், அம்மா" என்று அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தார், நாங்களும் கையெழுத்திட்டோம். உண்மையை எழுதியிருந்தால், அந்த நோய்க்கு மட்டும் பணம் கிடைக்காத சில ஆண்டுக் காத்திருப்புக் காலத்தோடு முடிந்திருக்கும். மருத்துவமனையில் சேர்த்த இரவில், "எத்தனை வருடமாக மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்று பணி மருத்துவர் கேட்டதற்கு, "பத்து வருடமாக" என்று நானே பதில் சொன்னேன். மறுப்புக் கடிதத்துடன் இணைத்து அனுப்பியிருந்த மருத்துவமனைக் குறிப்பின் நகலில் அந்த ஒரு வரியின் கீழ்தான் கோடிட்டிருந்தார்கள்.