ரொய்லெற் அடைச்சால்: ஊரிலிருந்து கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கொமட்டில் தண்ணி மேலே ஏறுவதைக் கண்டதும் கை தானாக வாளிக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்தில் அது பிழையில்லை. சீமெந்து நிலம், வழிந்தாலும் மூலை ஓட்டையால் ஓடிப்போயிடும். இங்கே மேல்மாடிக் குளியலறை நிலத்தில் பெரும்பாலும் அந்த ஓட்டையே இராது. வழிந்த தண்ணி பலகைக்குள் இறங்கி, கீழ்வீட்டுச் சீலிங்கை ஊறப்பண்ணிவிடும்.

அதனால் வாளியால் ஊத்தவோ இரண்டாம் தரம் ஃபிளஷ் அமத்தவோ வேண்டாம். கொமட்டுக்குப் பின்னால் சுவரோரம் உள்ள சின்ன வால்வை வலப்பக்கம் திருகிப் பூட்டுங்கோ. அது இறுகியிருந்தால் தாங்கி மூடியைத் தூக்கி, அடியிலுள்ள ரப்பர் மூடியைக் கையால் அமத்திப் பிடியுங்கோ. அந்தத் தண்ணி குழாய்த் தண்ணிதான், அருவருக்கத் தேவையில்லை.

அடைப்பெடுக்க, தடி நுனியில் ரப்பர் மாட்டின பிளஞ்சர் வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. வெறும் கிண்ணம் மாதிரி உள்ளது சிங்குக்கு. ரொய்லெற்றுக்கு உள்ளே இன்னொரு ரப்பர் நாக்கு நீண்டிருப்பதை வாங்குங்கோ, அதுதான் ஓட்டைக்குள் சரியாகப் பொருந்தும். ரப்பர் முழுக்கத் தண்ணிக்குள் தாழ வேண்டும். தண்ணி கூடவென்றால் கொஞ்சத்தை அள்ளி வாளியில் விடுங்கோ. முதல் அமத்தல் மெதுவாக. உள்ளே காற்று இருக்கும், வேகமாக அமத்தினால் ஊத்தைத் தண்ணி முகத்தில் தெறிக்கும். பிறகு பிடி விடாமல் 15, 20 தரம் அமத்தி இழுங்கோ. அடைப்பை இளக்குவதில் இழுப்புக்கும் பாதிப் பங்கு உண்டு. தள்ளிக்கொண்டே இருந்தால் இன்னும் இறுகலாம்.

தண்ணி இறங்கினதும் ஃபிளஷ் பண்ணாமல் வாளியில் 3 லீற்றர் மெல்ல ஊத்திப் பாருங்கோ. போனால் மட்டும் வால்வைத் திறவுங்கோ.

அசையாவிட்டால் கால் கோப்பை பாத்திரம் கழுவும் சோப், பிறகு சுடுதண்ணி. கொதிதண்ணி வேண்டாம், பீங்கான் வெடிக்கலாம். அரை மணித்தியாலம் விட்டுத் திரும்ப முயலுங்கோ. அதற்கும் சரிவராவிட்டால் 3 அடி ரொய்லெற் ஒகர், அதாவது பிடியைச் சுற்றி ஓட்டைக்குள் விடும் வளையும் கம்பி. சட்டை மாட்டும் கம்பி பீங்கானைக் கீறிவிடும். பிள்ளையின் விளையாட்டுச் சாமான் விழுந்திருந்தால் பிளஞ்சர் போட வேண்டாம், அது இன்னும் உள்ளே போய்ச் செருகும்.

அடைப்பெடுக்கும் கெமிக்கல் ஊத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அடைப்புக்குப் போய்ச் சேராமல் மேலே நிற்கும், பிறகு பிளஞ்சர் போடும்போது கண்ணில் தெறிக்கும். பிளீச்சும் அசிட் கிளீனரும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

இங்கே ஒரு ஃபிளஷ் பெரும்பாலும் 6 லீற்றர்தான், புதியவற்றில் 4.8. அந்தத் தண்ணிக்கு ரொய்லெற் பேப்பர் கரைந்து போகும். கிச்சின் பேப்பரும் ஈரத்துடைப்பானும் கரையாது. ஃபிளஷ் பண்ணலாம் என்று பக்கற்றில் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

பேஸ்மன்ற்றில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கோ. ஃபிளஷ் பண்ண ஷவர் ஓட்டையில் களகளவென்று சத்தம் வந்தாலோ, நிலத்து ஓட்டையால் ஊத்தை ஏறினாலோ, அடைப்பு பிரதான பைப்பில். உங்கள் பிளஞ்சரால் ஆகாது. மேல்வீட்டுக்காரரிடம் சொல்லி வோஷிங் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கோ, உடனே படம் எடுத்து வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கோ. ஒன்ராறியோவின் 2006 வாடகைச் சட்டப்படி பைப் திருத்துவது அவர் பொறுப்பு. நீங்கள் போட்ட துடைப்பானால் வந்த சேதமென்றால் செலவு உங்கள் தலையில் விழலாம்.