ஒகேனக்கல்ல கார்பனைக் குறைக்க வேண்டியது லாட்ஜா, வர்ற காரா?

தொப்பூர் காத்து:
ஒகேனக்கல், பென்னாகரம் பக்கம் லாட்ஜ், ஓட்டல், டிராவல்ஸ் நடத்துறவங்ககிட்ட பேசினா, கார்பனைக் குறைக்கிறதெல்லாம் ஸ்டார் ஓட்டல் வேலை நமக்கு எதுக்குப்பான்னு சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். உலகம் பூரா வெளியாகுற பசுமைக்குடில் வாயுல சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால வருதுன்னு 2018ல வந்த ஆய்வு சொல்லுது, அதுல ஊர் சுத்துறது, தங்குறது, சாப்புடுறது எல்லாம் சேத்திதான். மாடியில சோலார் வாட்டர் ஹீட்டர், 75 வாட்ஸ் ஃபேனை எடுத்துட்டு கரண்டு கம்மியா இழுக்குற 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேன், ஏசிய 24ல வைக்கிறது, இதுல எது நம்மால முடியாது?

லாட்ஜ்காரன்:
தம்பி, நீங்க சொல்றது எல்லாம் மொதல் போடுற விஷயம். கர்நாடகாவுல மழை பேஞ்சு கபினி அணையும் கேஆர்எஸ் அணையும் தொறந்தா இங்க பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை, ரூம் பூரா காலி, ஆனா பேங்க் தவணை ஆத்துல தண்ணி எவ்ளோ வருதுன்னு பாத்தா வரும்? இன்னொன்னு, கணக்கையும் பாருங்க. பெங்களூர்ல இருந்து ஒரு டீசல் கார் போக வர 300 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க, லிட்டருக்கு 15 குடுத்தாலும் 20 லிட்டர், ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 50 கிலோவுக்கு மேல. என் ரூம்ல ராத்திரி பூரா ஏசி ஓடி 10 யூனிட் ஆனாலும் யூனிட்டுக்கு 700 கிராம்னு 7 கிலோதான். ரோட்டுல போற 50 கிலோவ விட்டுட்டு 7 கிலோவுக்கு என்னைக் கேக்குறீங்க.

ஓசூர் வாசி:
அண்ணா கணக்கு சரி, ஆனா அதே கணக்குதான் உங்களையும் கேக்குது. பெங்களூர்க்காரன் காலையில வந்து எண்ணெய் மசாஜ், அருவி, மீன் வறுவல், சாயங்காலம் திரும்பிடறான். ஒரு நாளுக்கு 50 கிலோ. அவனே ரெண்டு ராத்திரி தங்கினா அந்த 50 கிலோ மூணு நாளைக்குப் பிரியும், ரூமும் நிறையும். வார நாள் வாடகையக் குறைங்க. பெங்களூர் சேலம் ரயில் ஓசூர், தர்மபுரி வழியாத்தான போகுது, ஸ்டேஷன்ல இருந்து நாலு லாட்ஜ் சேந்து ஒரு வேன் விடுங்க, ட்ரெயின் டிக்கெட் காட்டுறவனுக்கு வாடகையில கொஞ்சம் கழிங்க. யாரும் செய்யல, செய்யாமலே காரைத் திட்டுறோம்.

லாட்ஜ்காரன்:
தர்மபுரியில இருந்து இங்க 45 கிலோமீட்டருக்கு மேல. பாட்டி, கைக்குழந்தை, மாத்துத் துணி மூட்டை, அரிசி பாத்திரம்னு வர்ற குடும்பம் ட்ரெயின் புடிச்சு வேனுக்குக் காத்திருக்குமா? வேன் பாதி காலியா ஓடினா டீசல் யார் குடுக்குறது.

பரிசல் வீட்டுப் பொண்ணு:
ரெண்டு பேரும் பெரிய கட்டடத்தையே பேசுறீங்க. எங்க வீட்டுல பரிசல் ஓட்டுறாங்க, துடுப்புதான், எஞ்சினே கிடையாது, அதுக்கு யாரும் பாராட்டுறதும் இல்ல. மீன் வாங்கிட்டு வந்தா சமைச்சுக் குடுக்குற அக்காங்க இன்னைக்கும் விறகுப் புகையில இருமிட்டு நிக்கிறாங்க. 2019ல பிளாஸ்டிக் தடை வந்தப்ப எங்க பக்கம் மொதல்ல மாட்டுனது தரையில கடை போட்டவங்கதான். கார்பன்னு விதி வந்தாலும் அப்புடித்தான் ஆகும்னு பயமா இருக்கு. புகை கம்மியா வர்ற அடுப்பு, மீன் கழிவுக்கும் மிச்ச சோத்துக்கும் ஒரு சாண எரிவாயு தொட்டி, அதை லாட்ஜுங்க சேந்து கட்டிக் குடுங்க. குழியில கொட்டி அழுகுனா மீத்தேன்தான் வரும், அதுவும் பூமிய சூடாக்குற வாயுதான்.

கிருஷ்ணகிரி ஏசி மெக்கானிக்:
லாட்ஜ் அண்ணா, உங்க 7 கிலோ கணக்குல ஒன்னு விட்டுப்போச்சு. ஏசிக்குள்ள இருக்குற கேஸ். ஆர்-410ஏன்ற கேஸ் ஒரு கிலோ காத்துல போனா, 100 வருசத்துல பூமிய சூடாக்குற கணக்குல 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல சமம். உங்க பெங்களூர் கார் கிட்டத்தட்ட நாப்பது தடவ வந்துட்டுப் போற அளவு! சீசனுக்கு சீசன் கூலிங் இல்லன்னு கூப்புடுறாங்க, லீக்க அடைக்க சொன்னா நேரம் ஆகும், கேஸ மட்டும் ரொப்பிட்டுப் போன்னு சொல்றாங்க. எனக்கு அதுல காசுதான், ஆனாலும் மனசு ஒப்பல. லீக்க அடைங்க. புது ஏசி வாங்கினா ஆர்-32 கேஸ் போட்டதா கேளுங்க, அது பூமிய சூடாக்குறது இதுல மூணுல ஒரு பங்குதான். லீக் அடைக்க பேங்க் லோன் வேண்டாம்.

லாட்ஜ்காரன்:
இது எனக்குப் புது தகவல் தம்பி. ரெண்டு ரூம்ல வருசா வருசம் ரொப்பிட்டுதான் இருக்கேன், நைட்ரஜன் அடிச்சு லீக் பாக்க எவ்ளோ ஆகும்னு சொல்லுங்க. சோலார் ஹீட்டருக்கு இன்னும் நான் சரின்னு சொல்லல.

தொப்பூர் காத்து:
சுடுதண்ணிக்கு ரூமுக்கு ஒரு கீசர் ஓடுதே, மொதல்ல கரண்டு பில்லுல அது எவ்ளோன்னு தனியா பாருங்கண்ணா. அப்புறம் பேசலாம்.

ஓசூர் வாசி:
வேன் விஷயம் நான் விடல. பாதி காலியா ஓடும்னு பயமா இருந்தா சனி, ஞாயிறு மட்டும் விடுங்க, ரூம் புக் பண்றப்பவே வேன் சீட்டும் கேட்டு வாங்கிட்டா எத்தனை பேர்னு முன்னாடியே தெரிஞ்சிடும்.