நாகர்கோவில்ல காலேஜ் படிச்சுக்கிட்டே சைகை மொழி கத்துக்க வழி?

கேள்வி: பி.ஏ. ரெண்டாம் வருஷம். யூடியூப்ல அமெரிக்க சைகை எழுத்தை முதல்ல மனப்பாடம் பண்ணலாமா அண்ணே?

பதில் 1: வேண்டாம் மக்கா. அதுக்கு ஒரு கை, இந்திய சைகை எழுத்துக்குப் பெரும்பாலும் ரெண்டு கை. பிறகு மாத்துறது பெரும்பாடு. டெல்லி ஐஎஸ்எல்ஆர்டிசி (இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம்) அகராதியில 10,000 சொல் வீடியோவா கிடக்கு. தினம் பத்து பாரு.

பதில் 2: சொல் மட்டும் சேர்த்தா பேச்சு வராது. கேள்விச்சொல் கடைசியில வரும்: 'உன் பேர் என்ன'. நம்ம தமிழ் வரிசைதான், இங்கிலீஷ்ல யோசிச்சாதான் குழம்பும். ஆமா-இல்லைன்னு பதில் வாற கேள்விக்குப் புருவத்தைத் தூக்கணும். முகம் சும்மா இருந்தா 'சாயா குடிச்சாச்சா?' வெறும் தகவலாப் போயிரும். புதுசா வாறவங்க கையையே பாக்காங்க. முகத்தைப் பாருங்க, கை தானா தெரியும்.

பதில் 3: நேர்ல படிக்கணும்னா திருவனந்தபுரம் ஆக்குளத்துல நிஷ் (தேசிய பேச்சு, கேட்பு நிறுவனம்) இருக்கு. நாகர்கோவில்லயே ரயில் ஏறலாம். எங்க சேர்ந்தாலும், சொல்லித்தாறவர் காது கேளாதவரான்னு முதல்ல விசாரிங்க, அப்படின்னா நல்லது.