பல்லாரட் முதல் பீச்வொர்த் வரை கேரவன் பயணம்: எடைக் கணக்கும் வழியும்

தென்றல் (கேள்வி)

அக்டோபரில் மெல்பேர்னிலிருந்து கிளம்பி பல்லாரட், மால்டன், பென்டிகோ, எச்சூகா, பீச்வொர்த் என்று விக்டோரியாவின் பழைய ஊர்களைக் கேரவனில் சுற்றிப் பார்க்கத் திட்டம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். வாடகைக் கேரவனின் தகட்டில் வெறும் எடை 1950 கிலோ, ஏடிஎம் (சுமையோடு கேரவனின் மொத்த எடை வரம்பு) 2400 கிலோ என்று இருக்கிறது. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு. காரின் வெறும் எடை 2300, ஜிவிஎம் (சுமையோடு காரின் எடை வரம்பு) 2900, ஜிசிஎம் (காரும் கேரவனும் சேர்ந்த எடை வரம்பு) 5000, இழுவைத் திறன் 3000. 3000 கிலோ இழுக்கும் காருக்கு 2400 கிலோ கேரவன் தாராளம்தானே? அந்தக் காலத் தெருக்களுக்குள் இதை ஓட்டிக்கொண்டு போகலாமா?

அச்சாணி

தாராளம் இல்லை. உங்கள் கணக்கு 60 கிலோ இடிக்கிறது.

கேரவனின் முன்பாரம், அதாவது கொக்கியின் மேல் அமரும் பால் வெயிட், மொத்தத்தில் சுமார் 10 சதவீதம் இருக்க வேண்டும். 2400க்கு 240 கிலோ. இதைக் கார்தான் சுமக்கிறது. ஆகவே காரின் 600 கிலோ கொள்ளளவில் 240 போக 360தான் மிச்சம். நான்கு பேருக்கு 220 என்று வையுங்கள். பெட்டி, எஸ்கி (குளிர்பெட்டி), கூரைக் கம்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து 140.

அடுத்தது ஜிசிஎம். நிறைய பேர் 2900 + 2400 = 5300 என்று கூட்டிப் பயந்துவிடுகிறார்கள். அதில் பால் வெயிட் இரண்டு முறை வருகிறது. கார் 2900, கேரவனின் அச்சுகளில் இறங்குவது 2160, ஆக 5060. வரம்பு 5000. ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காலியாக விட்டாலே 80 கிலோ குறைந்துவிடும். இந்த ஊர்களின் கேரவன் பார்க்குகளில் (கேரவனை நிறுத்தித் தங்கும் இடங்களில்) குழாய்த் தண்ணீர் இருப்பதால் அது நஷ்டமே இல்லை. அச்சுக்கு அருகில் உள்ள தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேரவனுக்குள் ஏற்ற 450 கிலோ இருப்பதுபோல் தெரியும். இரண்டு தொட்டி நீர் 160. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, இரும்பும் கேஸுமாக 35 அளவில். மீதி 255. கிளம்பும் முன் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திவிடுங்கள்: முதலில் இரண்டும் இணைந்தபடி, பிறகு கொக்கியைக் கழற்றாமல் கார் சக்கரங்கள் மட்டும் மேடையில், அடுத்து கேரவன் சக்கரங்கள் மட்டும். காகிதக் கணக்கை நம்பிக் கிளம்புவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

நாடோடி

தெருக்களைப் பற்றிச் சொல்கிறேன். மால்டனில் கடைகளின் முன்தாழ்வாரம் நடைபாதைக்கு மேலாக நீண்டு, தூண்கள் சாலை விளிம்பிலேயே நிற்கும். கேரவனை ஓரம் கட்டும்போது அதன் மேல் மூலைதான் தாழ்வாரத்தில் மாட்டும். கண்ணாடியில் அது தெரியாது. 1966இல் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஆஸ்திரேலியாவிலேயே முதலாவதாகச் சிறப்பித்த ஊர் அது. அந்தத் தாழ்வாரங்களுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது. கேரவனைப் பார்க்கில் நிறுத்திவிட்டுக் காரிலோ நடந்தோ போங்கள். மற்ற ஊர்களிலும் இதுவே நல்லது.

மெல்பேர்னிலிருந்து எம்80 வட்டச்சாலை வழியாக வெஸ்டர்ன் ஃப்ரீவேயைப் பிடித்தால் சுங்கம் இல்லை. பாக்கஸ் மார்ஷ் தாண்டியதும் பென்ட்லண்ட் ஹில்ஸ் ஏற்றம். குரூஸ் கன்ட்ரோலை அணைத்து, கீழ் கியரில், எஞ்சின் சூட்டைக் கவனித்தபடி ஏறுங்கள். பல்லாரட்டுக்கு இரண்டு இரவு: தங்க வேட்டைக் காலத்தைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகமான சாவரின் ஹில்லுக்கே ஒரு முழு நாள் ஆகும், 1854 டிசம்பர் 3இல் தங்கச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய யுரேகா எழுச்சியின் கொடியை மறுநாள் பார்க்கலாம். மால்டனுக்கு இரண்டு: நீராவி ரயிலில் காசில்மைன் போய்வரலாம். பென்டிகோவுக்கு ஒரு இரவு போதும். சென்ட்ரல் டெபோரா தங்கச் சுரங்கத்தை விட்டுவிடாதீர்கள்.

எச்சூகாவில் துறைமுகத்தின் அடுக்குகளைக் கீழிருந்து பாருங்கள். மரே நதியின் மட்டம் பருவத்துக்குப் பருவம் பெரிதாக ஏறி இறங்கும். எந்த மட்டத்திலும் படகில் சரக்கு ஏற்றத்தான் ரெட் கம் மரத்தில் இத்தனை தளங்கள். 1866இல் கட்டிய அடிலெய்ட் துடுப்புச்சக்கரப் படகு இன்னும் அங்கே ஓடுகிறது. பாலம் கடந்து மோவாமா போனால் அது நியூ சவுத் வேல்ஸ், ஜிசிஎம் 4.5 டன்னைத் தாண்டும் உங்கள் ஜோடிக்கு அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்ச வேகம்.

பீச்வொர்த்துக்கு வாங்கரட்டா வழியாக ஏறுங்கள். 1880 ஆகஸ்டில் கொள்ளைக்காரன் நெட் கெல்லியை விசாரித்த நீதிமன்றமும், சீனத் தொழிலாளர் கல்லறையில் இருக்கும் காணிக்கை எரிக்கும் கோபுரங்களும் அங்கே உண்டு. அக்டோபரிலும் இரவில் நல்ல குளிர். விடியலிலும் அந்தியிலும் வண்டி ஓட்ட வேண்டாம், கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது.

தென்றல்

ஒரு தொட்டியைக் காலியாகவே விடுகிறேன். சைக்கிள்களைக் கேரவனின் பின்னால் மாட்டலாமா? வேகத்தில் கேரவன் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

அச்சாணி

பின்னால் மாட்டாதீர்கள். பின்பாரம் கூடினால் பால் வெயிட் குறையும். ஆட்டத்துக்கு முதல் காரணமே அதுதான். கனமானவை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்கட்டும்.

ஆடினால் கார் பிரேக்கை மிதிக்கவோ ஸ்டீயரிங்கை வெட்டவோ கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பிரேக் கன்ட்ரோலரை (கேரவன் பிரேக்கை இயக்கக் காரில் இருக்கும் கருவி) கையால் அழுத்திக் கேரவன் பிரேக்கை மட்டும் போடுங்கள். அது பின்னுக்கு இழுத்து நேராக்கும். அந்தப் பொத்தான் எங்கே என்று கிளம்பும் முன்பே கை பழகியிருக்க வேண்டும்.

கொக்கி மாட்டியதும் ஜாக்கி வீலை (கேரவனின் முன்னால் உள்ள தாங்கு சக்கரம்) சுற்றிக் கேரவனின் மூக்கைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டு விழுந்திருக்கிறது. சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். பிரேக்அவே கம்பியை (கேரவன் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் போடும் கம்பி) சங்கிலியில் மாட்டாமல் காரில் மாட்டுங்கள். சக்கர நட்டுகளை முதல் 50 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மின்மினி

கேரவனின் மின்வயர் 15 ஆம்பியர். அதன் எர்த் முள் அகலமானது, வீட்டின் 10 ஆம்பியர் பிளக்கில் நுழையாது. முள்ளைத் தேய்த்து நுழைக்கும் வேலையே வேண்டாம், வயர் சூடேறித் தீப்பிடிக்கும். பார்க்கிலும் வயரைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள். கழிவறைக் கேசட்டை (கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி) டம்ப் பாயிண்டில், அதாவது அதற்கென உள்ள கழிவு கொட்டும் இடத்தில் மட்டும் கொட்டுங்கள். முழுத் தீத்தடை நாளில் வெளியே கேஸ் அடுப்பு பற்றவைத்தால் சுற்றிலும் 3 மீட்டர் வெறும் தரையும், குழாயில் இணைத்த ஹோஸோ 10 லிட்டர் நீரோ, பக்கத்தைவிட்டு நகராத பெரியவர் ஒருவரும் கட்டாயம்.