மிரிஸ்ஸாவில் திமிங்கலம் பார்க்கப் படகு ஏறலாமா?

வண்ணார்பேட்டை:
அரையாண்டு லீவில் மூன்று பேரும் இலங்கை போகலாம் என்றிருக்கிறோம். மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பு, அங்கிருந்து தெற்கே மிரிஸ்ஸா. காலை ஆறரைக்குப் படகு, நாலைந்து மணி நேரம் கடலில், நீலத் திமிங்கலம் பார்க்கலாம் என்கிறார்கள். மகனுக்கு ஒன்பது வயது, வீட்டில் எப்போதும் அதே பேச்சுதான். ஆனால் அங்கே படகுகள் திமிங்கலத்தை விரட்டுகின்றன என்று ஒரு தோழி சொன்னாள். அதிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. போனவர்கள் சொல்லுங்கள்.

டவுண் பொடியன்:
கண்டிப்பாகப் போங்கக்கா. நான் மார்ச்சில் போனேன். துறைமுகத்தை விட்டு ஒன்றரை மணி நேரம் வெறும் தண்ணீர்தான், படகில் பாதிப் பேருக்கு வாந்தி. அப்புறம் மேல்தட்டில் நின்ற பையன் கையை நீட்டினான். இளந்தென்னை உயரத்துக்கு வெள்ளையாக மூச்சு எழுந்தது. அது கரைந்த பிறகுதான் முதுகு தெரிந்தது. முதுகு வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் போய்க் கடைசியில் கையகலத்துக்கு ஒரு துடுப்பு. வெளியே தெரிந்த உடம்பு சாம்பல் நிறம். தண்ணீருக்கடியில் போகும்போதுதான் வெளிர்நீலமாக மினுங்கியது. வாலைத் தூக்கி இறங்கின இடத்தில் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் வழவழவென்று வட்டமாக நின்றது. அதுவரை கத்திக்கொண்டிருந்த படகில் ஒரு சத்தம் இல்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு மட்டும் ஏறாதீர்கள். வாந்தி மாத்திரை அவனுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உவரிக் கரை:
தங்கச்சி, நான் வேண்டாம் என்பேன். சுற்றிலும் எத்தனை படகு நின்றது என்று தம்பி எழுதவில்லை. நானும் மிரிஸ்ஸா போனவன்தான். ஒரு திமிங்கலத்துக்கு ஒன்பது படகு எண்ணினேன். ஒருத்தன் கண்டதும் வயர்லெஸ்ஸில் சொல்வான், மற்றவர்கள் முழு வேகத்தில் ஓடி வருவார்கள். நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. எங்கள் படகு அதில் பாதித் தூரத்தில் நின்றது. அது மூன்று தடவை மூச்சு விட்டது, உடனே முங்கிவிட்டது.

என் மாமா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். மேலே வருகிறவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே மாட்டார், மூச்சு மட்டும் வாங்குவார். அந்த நேரம் யாரும் அவரைத் தொடக் கூடாது, ஒன்றும் கேட்கக் கூடாது. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். திமிங்கலமும் மூச்சுக்குத்தான் மேலே வருகிறது. அந்த நேரத்தில் எஞ்சினோடு போய்ச் சுற்றி வளைக்கலாமா?

2016 ஜனவரியில் திருச்செந்தூர் பக்கம் மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் எண்பதுக்கும் மேல் திமிங்கலங்கள் ஒதுங்கினதை நான் நேரில் பார்த்தேன். படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டோம், திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேல் செத்துப்போயின, பொக்லைன் வைத்துத்தான் புதைத்தார்கள். அதன் பிறகு எனக்கு இதை வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

டவுண் பொடியன்:
அண்ணாச்சி, சங்கு குளிப்பவர் கதை மனசில் தைத்தது. ஆனால் மணப்பாட்டை இதோடு சேர்க்காதீர்கள். அவை பைலட் திமிங்கலங்கள், ஓங்கல் (டால்பின்) குடும்பம், கூட்டமாகவே கரை ஒதுங்கும் இனம். 1973 ஜனவரியிலும் அதே கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன. அப்போது எந்தச் சுற்றுலாப் படகு இருந்தது?

மிரிஸ்ஸாவில் பெரிய ஆபத்து சரக்குக் கப்பல். இலங்கையின் தென்கோடியான தெவிநுவர முனைக்குத் தெற்கே போகும் கப்பல் பாதை உலகத்திலேயே நெரிசலானவற்றில் ஒன்று, திமிங்கலம் மேயும் இடத்தின் நடுவே போகிறது. மோதிச் செத்தவை உண்டு. எம்எஸ்சி நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. அதற்கு வருஷக்கணக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ். 2003இல் கடலில் மிதந்த சிவப்பு நிறத் திமிங்கலச் சாணியைப் பார்த்துத்தான், இவை குளிர்கடலுக்குப் போகாமல் இங்கேயே இரை எடுக்கின்றன என்று அவருக்குப் பிடிபட்டது. கடலுக்குப் போய்ப் பார்த்ததால்தானே? பார்த்தவன்தான் பேசுவான்.

தென்காசி சாரல்:
ஒரு சேதி மட்டும். அங்கே இந்தத் தொழில் வளர்ந்ததே 2004 சுனாமிக்குப் பிறகுதான். மீன்பிடிக் குடும்பங்கள் பல இதை நம்பி இருக்கின்றன. யாரும் போகாதீர்கள் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

உவரிக் கரை:
1973ஐ ஒப்புக்கொள்கிறேன் தம்பி. இரண்டையும் நான் கலந்தது தப்பு. படகுக்காரன் பிழைப்பும் எனக்குத் தெரியாததில்லை, நானும் வலை இழுத்தவன். ஆனால் ஆய்வுக்குப் போகிற ஒரு கப்பலும், செல்ஃபியோடு எழுபது பேரை ஏற்றின படகும் ஒன்றில்லை. கப்பல் அடிக்கிறது என்பதற்காக நாமும் போய் நெருக்கலாம் என்று ஆகாது.

தங்கச்சி, வேறு வழி இருக்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கரையை ஒட்டியே ஆழம், அதனால் அங்கே நின்றபடியே நீலத் திமிங்கலத்தின் மூச்சைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் டிசம்பரில் வாடை, கடல் கலங்கிக் கிடக்கும். மே மாதம் பருவம். பெரிய லீவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நல்ல பைனாகுலர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டவுண் பொடியன்:
மலையிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கீற்றுதான் தெரியும் அண்ணாச்சி. அந்த முதுகு தெரியாது. ஒன்பது வயசுப் பையனுக்கு அது போதுமா? அக்கா, தூரத்தில் நிறுத்தும் படகாகத் தேடி ஏறுங்கள். அப்படி நடப்பவர்களிடம் கூட்டம் போனால் மற்றவர்களும் மாறுவார்கள்.

தென்காசி சாரல்:
கோணமலை சம்பந்தர் பாடின தலம். திமிங்கலம் வராவிட்டாலும் போன வழி வீண் இல்லை.

வண்ணார்பேட்டை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மிரிஸ்ஸாவில் இரண்டு படகுக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன்: நூறு மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நிறுத்துவீர்களா, ஏற்கெனவே படகுகள் சூழ்ந்திருந்தால் விலகிப் போவீர்களா என்று. ஒருவர் உடனே பதில் போட்டார்: “கவலை வேண்டாம் மேடம், ரொம்பக் கிட்டத்தில் காட்டுகிறோம்.” இன்னொருவரிடமிருந்து பதில் இல்லை.

சங்கு குளிப்பவர் கதையை மகனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துப் பார்த்தான். “அப்போ அது மூச்சு விட்டு முடிக்கிற வரைக்கும் நாம தள்ளியே நிக்கலாம்மா” என்றான். டிசம்பர் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ரயிலில் போனவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மணி நேரம் ஆகும், பையனோடு இரவு ரயிலில் போகலாமா என்று சொல்லுங்கள்.